இடது கைப் பெருவிரல்

ஜெய்த்தூன் டீச்சருக்கு அந்த நடுநிலைப் பள்ளியில் வாரத்துக்கு ஒன்பது பீரியடு. காகிதத்தில்தான் ஒன்பது. கணக்கு வாத்தியாருக்குப் பாடம் முடியவில்லை என்றால் டிராயிங் பீரியடைத்தான் எடுத்துக்கொள்வார். மைதானத்தில் நெருஞ்சி முள் பொறுக்க ஆள் வேண்டுமென்றாலும் டிராயிங் பீரியடுதான். கல்யாணப் பந்தியில் ஊறுகாயை இலையில் முதல் ஆளாக வைத்துவிட்டு அப்புறம் அதை ஒருவரும் விசாரிக்க மாட்டார்கள் அல்லவா, அந்த மரியாதைதான் அவளுக்கும் கிடைத்தது.

ஆனாலும் அவள் லீவு போடுவதில்லை. கோரிப்பாளையத்தில் ஒரு சந்தில் மாடி அறை. கூட இருந்த அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணன் திருச்சியோடு போய்விட்டான், பெருநாளைக்கு ஒரு கார்டு வரும். அவளுக்கு நாற்பத்தொரு வயது. பெண் பார்க்க வருகிறவர்கள் வருவதை எப்போது நிறுத்தினார்கள் என்று அவளுக்கே நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயைத் திறக்க வேலையே இருக்காது. திங்கட்கிழமை காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிக் கண்டக்டரிடம் ஊர்ப் பேரைச் சொல்லும்போது தொண்டை கட்டிக்கொண்டிருக்கும். இரண்டு தடவை செருமினால்தான் குரல் வரும். அந்தக் கண்டக்டர் இதை ஏதோ வியாதி என்று நினைத்து ஒருநாள் சித்தரத்தை மெல்லச் சொன்னார்.

மதுரைக்கு மேற்கே ஒரு மணி நேரம் போக வேண்டிய ஊர் மேலச்சுனைப்பட்டி. மழை பொய்த்த எண்பத்து மூன்றாம் வருஷம். ஆறாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு மட்டும் அவளுக்கு நிச்சயமாகக் கிடைக்கும், ஏனென்றால் மற்ற வாத்தியார்கள் மூன்றே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார்கள். அந்த நாற்பது நிமிஷத்தில் “டீச்சர், இங்க பாருங்க” என்று எத்தனை குரல் கேட்கும் என்று சொல்ல முடியாது. அவள் ஒவ்வொரு குரலுக்கும் திரும்பிப் பார்ப்பாள். வாரம் முழுக்க அந்த அழைப்புக்காகத்தான் அவள் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் அது மிகை இல்லை.

அந்தப் பருவத்தில் அவள் எடுத்துக்கொண்ட பாடம், ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப வைத்து வடிவம் பண்ணுவது. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மையில் தொட்டு வைத்தால் அழகான பூ வரும் என்று முதலில் செய்து காட்டினாள். பிள்ளைகள் வெண்டைக்காயைப் பார்த்தார்களே தவிரப் பூவைப் பார்க்கவில்லை. “இத அப்புறம் கொழம்புல போட்ருவீங்களா டீச்சர்?” என்று ஒச்சாயி கேட்டாள். கிணறெல்லாம் வற்றிக் கிடக்கிற வருஷத்தில் காய்கறியை மையில் முக்கியது எவ்வளவு கூறுகெட்ட வேலை என்று அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. அன்று ராத்திரி நெடுநேரம் யோசித்தாள். காசு இல்லாமல், எதையும் பாழாக்காமல், ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்கிற அச்சு எது? கிடைத்துவிட்டது. விரல்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆபீஸ் ரூமிலிருந்து ஊதா ஸ்டாம்பு மைப் புட்டியை வாங்கி வந்து, பெஞ்சுக்கு ஒரு துணி நனைத்து வைத்தாள். வலது கையில் மை ஒட்டினால் ராத்திரி அந்தக் கையால்தானே பிள்ளைகள் சோறு தின்னும் என்று பார்த்து, “எல்லாரும் இடது கைப் பெருவிரல்” என்றாள். இப்படி ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்வது அவள் சுபாவம். வந்த வினையும் அந்தச் சுபாவத்தால்தான் வந்தது.

“ஒரு தடவ வச்சா அது கறை. அதே மாதிரி பக்கத்துல இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு வச்சுக்கிட்டே போனா அது வடிவம். அடுத்தது எங்க வரும்னு பாக்குறவுங்களுக்கு முன்னாடியே தெரியணும்” என்றாள். ஒன்று நேராக, ஒன்று சாய்வாக, நடுவில் ஒரு விரல் இடைவெளி. சாய்வாக இரண்டை அடியில் சேர்த்தால் இலை. மூன்றை வரிசையாக வைத்து ஆறு கால் கிழித்தால் எறும்பு. பிள்ளைகள் “நேரு, சாய்வு, எடம், நேரு, சாய்வு, எடம்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வைத்தார்கள். சந்தைக்கடை மாதிரி இரைகிற வகுப்பு கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கி, ஒரே தாளத்தில் முணுமுணுத்தது.

முத்திருளன் என்ற பயல் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வரிசையில் ஐந்தாவது விரல் வழுக்கி நீளமாக இழுத்துவிட்டது. “கெட்டுப்போச்சு டீச்சர். வேற பேப்பர் குடுங்க.”

“வேற எதுக்கு? ஒவ்வொரு அஞ்சாவதையும் இதே மாதிரி இழுத்து விடு. அப்புறம் யாரு கெட்டுப்போச்சுன்னு சொல்றாங்க பாப்போம்.”

அவன் சந்தேகத்தோடுதான் ஆரம்பித்தான். நாலு வரிசை முடிவதற்குள் அவனுடைய தாள்தான் வகுப்பிலேயே நன்றாக இருந்தது. பக்கத்துப் பெஞ்சுக்காரன் வேண்டுமென்றே இழுத்துப் பார்த்தான்.

எல்லாரும் முடித்ததும் அவள் சந்தோஷத்தில் ஒரு வார்த்தை சொன்னாள். “உங்க வெரலை உத்துப் பாருங்க. அந்த ரேகை மாதிரி இன்னொண்ணு இந்த உலகத்துல யாருக்கும் கெடையாது. நீங்க எங்க போய் வச்சாலும் அது நீங்கதான்னு தெரிஞ்சுரும்.” பிள்ளைகள் விரலை மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தன. பிறகு தாள்கள் கலந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றின் அடியிலும் தன் முத்து முத்தான கையெழுத்தில் பெயர், தகப்பனார் பெயர், வகுப்பு, வரிசை எண் எழுதிக் கட்டாகக் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஊதா விரல்களோடு பிள்ளைகள் வீட்டுக்கு ஓடின. அந்தச் சனி ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்குச் சீக்கிரமாகப் போயிற்று.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இல்லை. ஆறாம் வகுப்பு என்றில்லை, மொத்தப் பள்ளிக்கூடமும் காலி. சத்துணவு ஆயா அடுப்பை மூட்டலாமா வேண்டாமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடிக்கிற மொக்கையன் உள்ளூர்க்காரர். அவர் மணியை அடித்துவிட்டு டீச்சர் முகத்தைப் பார்க்காமல் போனார். அவள் பின்னாலேயே போய்க் கேட்டாள்.

“பிள்ளைக கையில மை இருந்துச்சாம்ல டீச்சர். இடது கையில.”

“ஆமா. படம் போட்டோம். அதுக்கென்ன?”

“இந்த ஊர்ல அது ஆகாது டீச்சர்” என்றார். மணிக்கட்டையைச் சுவரில் மாட்டிவிட்டுத் திரும்பி, “பேயாண்டிப் பெரியவரைப் போய்ப் பாருங்க. ஒச்சாயியோட சீயான். அவுக அப்பனப் பெத்தவரு. அவரு சொல்லித்தான் நிப்பாட்டியிருக்காக. நான் சொன்னா நல்லாருக்காது” என்றார்.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. ஹெட்மாஸ்டர் அவளைக் கூப்பிட்டு விட்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் பயந்த சுபாவம். “ரிஜிஸ்டர்ல ரெண்டு நாளா சைபர் போட்டு வச்சிருக்கேன்மா. நாளைக்கும் பிள்ளைக வரலைன்னா நான் மேல எழுதித்தான் ஆகணும். நீங்களே மாறுதல் கேட்டு எழுதிக் குடுத்துருங்க. கௌரவமாப் போயிரும்” என்றார்.

அவள் காலி வகுப்பில் போய் உட்கார்ந்தாள். மாறுதல் என்றால் வேறு ஊர், வேறு பஸ், வேறு முப்பது பிள்ளைகள். சம்பளம் அதேதான். ஆனால் இந்த முப்பத்தெட்டுக் குரல் அங்கே வராது. அவளைக் கூப்பிடுகிற குரல் உலகத்தில் அவ்வளவுதான் இருந்தது, அதையும் என்ன தப்பு என்றே தெரியாமல் தொலைத்துவிட்டு நின்றாள். அழுகை வந்தது. அழுது முடித்து, முகத்தைக் கழுவி, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பேயாண்டி வீட்டுக்குப் புறப்பட்டாள்.

பெரியவர் வீட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஆட்டுக்குட்டிக்குத் தும்பு முறுக்கிக்கொண்டிருந்தார். எழுபதை ஒட்டிய வயது, வற்றிய உடம்பு. ஒச்சாயி கதவுக்குப் பின்னால் நின்றாள், டீச்சரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

“ஐயா, நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு எனக்குத் தெரியல. சொல்லுங்க, கேட்டுக்கிறேன்” என்றாள் டீச்சர்.

பெரியவர் கயிறு முறுக்குவதை நிறுத்தவில்லை. “உனக்கு எந்த ஊரு தாயி?”

“மதுரைங்க. கோரிப்பாளையம்.”

“அப்ப உனக்குத் தெரிய ஞாயமில்ல.” தும்பைக் கீழே வைத்தார். “வெள்ளக்காரன் எங்க சனத்துக்குன்னு ஒரு சட்டம் போட்டான். களவு செஞ்சவனுக்கும் அதான், செய்யாதவனுக்கும் அதான். இந்தச் சனத்துல பொறந்தாலே போதும். ஆம்பளையாப் பொறந்து மீச அரும்புனா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருவாய்ங்க. பேரு, அப்பன் பேரு, நம்பரு எல்லாம் எழுதி, இந்த வெரலை மையில அமுக்கி வைப்பாய்ங்க.” இடது கைப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். “பொழுது அடஞ்சா அங்கிட்டுக் கொட்டாயில போய்ப் படுக்கணும். பேரு கூப்புடுவான். இல்லாதவன் செயிலுக்குப் போகணும். என் கலியாணத்தன்னைக்கு ராத்திரியும் நான் அந்தக் கொட்டாயிலதான் படுத்தேன்.”

டீச்சர் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“வெள்ளிக்கெழம எம்பேத்தி ஓடியாந்து வெரலைக் காட்டுறா. மை. எடது கை. எதுக்கு ஆத்தா வச்சேன்னு கேட்டேன். டீச்சர் வைக்கச் சொன்னாக, பேரு, எங்கப்பா பேரு எல்லாம் எழுதிப் பெட்டியில பூட்டி வச்சுக்கிட்டாகன்னா. அதுகூடப் பொறுத்துக்கிருவேன். அப்புறம் ஒண்ணு சொன்னா பாரு. ‘சீயான், என் ரேகை மாதிரி உலகத்துல யாருக்கும் கெடையாதாம், நான் எங்க போனாலும் தெரிஞ்சுருமாம்’னு சிரிக்கிறா. எனக்கு ரேகை வச்ச அன்னைக்கு அந்த ஏட்டு இதே சொல்லத்தான் சொன்னான். ‘இது மாதிரி ஒலகத்துல எவனுக்கும் கெடையாது, எங்க ஓடுனாலும் புடிச்சுப்புடுவேன்’னு. ஒரு சொல்லு மாறல தாயி.”

பரிசு மாதிரி நினைத்துக் கொடுத்த வார்த்தை அது. அந்த வார்த்தையை இப்போது அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. முத்திருளன் தாளில் ஒரு தப்பைப் பல இடத்தில் வைத்துச் சரிக்கட்டிவிட்டாள். இந்தத் தப்பை முப்பத்தெட்டு இடத்தில் வைத்திருக்கிறாளே, இதை எதைக் கொண்டு சரிக்கட்டுவது?

“சத்தியமா எனக்குத் தெரியாதுங்கய்யா. எல்லாத்தையும் கொண்டாந்து உங்க கண்ணு முன்னால எரிச்சுர்றேன்.”

“எரிக்கிறதுக்கு நீ யாரு?” அவர் குரல் உயரவில்லை, ஆனால் கதவுக்குப் பின்னால் நின்ற ஒச்சாயி உள்ளே போய்விட்டாள். “அது உன் பொருளா? சட்டம் எடுத்தாச்சுன்னு சொன்னாக. தேங்கா ஒடச்சோம். எங்க ரேகை வச்ச புஸ்தகம் எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனும் சொல்லல. எங்கப்பன் ரேகையும் அதுல கெடக்கு, என்னுதும் கெடக்கு. வாங்குனவன் திருப்பிக் குடுத்ததா சரித்திரமே இல்ல. நீயாச்சும் குடு. வீடு வீடாப் போ. வச்ச பிள்ளையோட வீட்ல, பெத்தவுக கையில குடு. எரிக்கிறதோ வச்சுக்கிறதோ அவுக பாடு.”

நாலு மணிக்கு அலமாரியைத் திறந்து கட்டை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். பெரியவர் கம்பை ஊன்றிக்கொண்டு பத்தடி பின்னால் வந்தார். ஒவ்வொரு வாசலிலும் அவள் நின்று, “உங்க பிள்ளை ரேகைங்க. தெரியாம வாங்கிட்டேன். திருப்பிக் குடுக்க வந்தேன்” என்றாள். முதல் வீட்டில் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. பத்தாவது வீட்டில் குரல் தெளிந்துவிட்டது. ஒரு நாளில் இத்தனை பேரிடம் அவள் பேசியதே கிடையாது.

முதல் வீட்டுக்காரி வாங்கிய கையோடு அடுப்பில் போட்டாள். ஒச்சாயி வீட்டில் அவள் அம்மா வாங்கி மாமனார் முகத்தைப் பார்த்தாள், அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அதைச் சுருட்டி அரிசிப் பானைக்குள் வைத்தாள். விருமாண்டி என்று ஒருவர் வண்டி மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தொட்டியில் கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். “வாசல்ல வச்சுட்டு வா. மேல கல்லு வையி, பறந்துரப் போகுது” என்றார் பின்னாலிருந்து பெரியவர். அவள் கல் தேடிக் குனியும்போது கதவு கொஞ்சம் திறந்து ஒரு கை வந்து எடுத்துக்கொண்டது.

முத்திருளனுடைய அம்மா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இம்புட்டையும் எம்மகனா வச்சான்? ஒரு எடத்துல உக்கார மாட்டானே அவன்” என்றாள். பிறகு கூரைச் செத்தையில் செருகிவிட்டு, ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த ஊரில் அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். தண்ணீருக்காக ஒன்றரை மைல் நடக்கிற ஊர் என்று தெரிந்ததால் பாதிச் செம்பில் நிறுத்திக்கொண்டாள்.

நடக்க நடக்க ஒரு விஷயம் அவளுக்குத் தட்டுப்பட்டது. அம்மா இல்லாத வீட்டில் அத்தை வாங்கினாள். பெற்றவர்கள் இரண்டு பேரும் கரும்பு வெட்டப் போன வீட்டில், கண் தெரியாத பெரியப்பன் தடவி வாங்கிக்கொண்டார். எரித்தவர்களும் வைத்துக்கொண்டவர்களும் ஒன்றுபோல முதலில் கையை நீட்டினார்கள். முப்பத்தெட்டு வாசலில் ஒரு வாசலிலும் வாங்குவதற்குக் கை இல்லாமல் இல்லை. எல்லாம் கொடுத்து முடியும்போது விளக்கு வைக்கிற நேரம்.

அவள் கையில் இன்னும் ஒரு தாள் இருந்தது. பெரியவர் அதைக் கவனித்துவிட்டார். “அது யாருது?” என்று வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ரேகை தெரியும். “இது பிள்ள வெரலு இல்லையே.”

“என்னோடதுங்கய்யா. எப்படி வைக்கணும்னு காட்டுறதுக்கு முதல்ல நான்தான் வச்சேன்.”

அவர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகிற்று. “நீயும் வச்சியா. சரி. நாளைக்குப் பிள்ளைக வரும், நான் சொல்லிர்றேன். ஆனா இதையும் கொண்டுபோய் உங்க வீட்ல குடுத்துரு. நீயே வச்சுக்கிட்டா அது குடுத்ததா ஆகாது. வாங்க ஆள் இருக்காகல்ல?”

“இருக்காங்க” என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தாளைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தபடியே வந்தாள். அண்ணனுக்குத் தபாலில் போடலாம். பிரித்துப் பார்த்துவிட்டு, இவளுக்கு என்ன ஆயிற்று என்று பெண்டாட்டியிடம் கேட்பான். கோரிப்பாளையத்தில் இறங்கிச் சந்துக்குள் நடந்து, மாடிப்படியில் கால் வைத்தவள் திரும்பி வந்து கீழ் வீட்டுக் கதவைத் தட்டினாள். வீட்டுக்காரம்மா கரண்டியோடு வந்து, “என்ன டீச்சர், கொழாய்ல தண்ணி வரலியா?” என்று கேட்டார். உள்ளே பிள்ளைகள் ரேடியோவுக்குச் சண்டை போடும் சத்தம். டீச்சர் கையிலிருந்த தாளை முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள். “ஒண்ணுமில்லங்க. வருது” என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் நிரம்பி வழிந்தது. ஹெட்மாஸ்டர் ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போனார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு நாள் லீவு விட்ட குஷியில் இருந்தன. வகுப்பு வாத்தியார் வர நேரமானதால் வகுப்புப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே நுழைந்ததும் “டீச்சர், இங்க பாருங்க, எங்கம்மா செருகி வச்சதை ஆடு தின்னுருச்சு” என்று முத்திருளன் கத்தினான். கேட்கக் கேட்க அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. இந்தக் குரல்கள் போகவில்லை, எங்கேயும் போகவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே பெரியவர் நின்றிருந்தார், ஒச்சாயியை விட வந்தவர். அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“குடுத்துட்டியா தாயி?”

“குடுத்துட்டேங்கய்யா.”

“யாரு வாங்குனாக?”

அவள் கொஞ்சம் தாமதித்துவிட்டாள். அந்தத் தாமதத்தை அவர் கவனித்துவிடுவாரோ என்று பயந்து அவசரமாகச் சொன்னாள்.

“அம்மா.”

“பெத்தவ கையில போய்ச் சேந்துருச்சா. அப்பச் சரி. இனி உனக்கும் பயமில்ல” என்று மனசாரச் சொல்லிவிட்டு, அவர் கம்பை ஊன்றிக்கொண்டு வெயிலில் நடந்தார்.

கைப்பையில் சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் அந்தத் தாள் நாலாக மடித்துக் கிடந்தது. அவள் மேஜைக்குத் திரும்பி வந்து வருகைப் பதிவேட்டை விரித்தாள். ஒவ்வொரு பெயராக வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிள்ளை எழுந்து நின்று பதில் சொல்லிற்று.